லாபம், ரெண்டு, மூணு

ஸ்டெஃபி கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அதை மறைக்க அவளைத் திட்டுவேன். ஆவடி மைதானத்தில் இது எல்லாருக்கும் தெரியும். "ரேணுகா கத்தினுகீறா பாரு, ஸ்டெஃபி தாண்டிட்டா போல" என்று ஹர்டில்ஸ் ஓடுகிற பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

நானும் போல் வால்ட் தாண்டுகிறவள்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கோலூன்றித் தாண்டுதல் என்று போட்டிருக்கும். எங்களுக்கு அது வெறும் கம்பு. இருவரும் ஒரே வருஷம் கம்பைப் பிடித்தோம். ஒரே மாஸ்டர், ஒரே மெத்தை, ஒரே வெயில். நான் மூன்று மீட்டர் தாண்டினால் அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம். அவள் மூன்று மீட்டரை உடம்பைச் சூடாக்கிக்கொள்ளத் தாண்டுவாள். முதல் சில அடிகள் சோம்பேறி மாதிரி வருவாள். அப்புறம் முட்டி உயரும், தோள் அசையாது, கம்பின் நுனி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். தரையில் பதித்திருக்கும் பெட்டியில் அது போய் முட்டுகிற சத்தம் நம் காதுக்கு வருவதற்குள் ஆள் தலைகீழாக மேலே இருப்பாள். படுபாவி, எவ்வளவு அழகு அது!

அப்படித் தாண்டினவள்தான் ஆடி மாதத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தாள்.

தரையை விட்டுக் கிளம்பும் நொடியில், கம்பைப் பிடித்த மேல் கை தலைக்கு மேலே நேராக நிற்க வேண்டும். இடது கால் பெருவிரல் அந்தக் கைக்கு நேர் கீழே இருக்க வேண்டும். அந்தக் கையிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது விரல்மேல் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கால் அதைத் தாண்டிப் பெட்டிப் பக்கம் போய் விழுந்தால் அதை நாங்கள் 'உள்ளே போவது' என்போம். உள்ளே போனால் கம்பு முறைத்துக்கொள்ளும். மேலே தூக்குவதற்குப் பதில், வந்த வழியே ஆளைத் திருப்பித் தள்ளும்.

ஸ்டெஃபி ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் உள்ளே போனாள்.

அதை அளப்பது என் வேலை. கால் விழ வேண்டிய இடத்துக்கு நேரே, ஓடுபாதையின் ஓரத்தில் என் இடது செருப்பைக் கழற்றி வைப்பேன். அவள் கால் எங்கே விழுந்ததோ அங்கே வலது செருப்பை வைப்பேன். கொதிக்கிற தரையில் வெறுங்காலோடு நின்று நான் பார்த்ததெல்லாம் அந்த இரண்டு செருப்புக்கும் நடுவே கிடந்த ஒரு சாண் இடைவெளியையும், கிளம்பும் நொடியில் ஆவென்று திறக்கும் அவள் வாயையும்தான். மூச்சு வாங்குகிறாள் போல என்று நினைத்துக்கொள்வேன்.

ரிச்சர்ட் மாஸ்டர் எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு காலத்தில் ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று பத்துப் போட்டி சேர்ந்த டெகாத்லான் ஆடினவர். பொறுமைசாலி, யாரையும் திட்டமாட்டார். அதனால் திட்டும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. அவர் ஓட்டம் தொடங்கும் குறியைப் பின்னால் தள்ளிப் பார்த்தார். இவள் காலை இன்னும் நீட்டி அதே இடத்தில் வந்து மிதித்தாள். செல்போனில் படம் எடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டினார்.

"பாரு ஸ்டெஃபி, இது வரைக்கும் தங்கம். ஒவ்வொரு அடியும் வெச்ச எடத்துல வெக்கிற. கடைசி அடி மட்டும் ஏன் நீளுது? அது குட்டையா இருக்கணும். டக்குனு வை, கெளம்பு."

"செர்ரீங்க மாஸ்டர்" என்பாள். போய் ஓடிவருவாள். கடைசி அடி மறுபடியும் சாவகாசமாக நீண்டு போய் விழும்.

"ஏய், அடி வெக்கச் சொன்னா கோலமாடி போடற?" என்று கத்துவேன். பாவம், அதற்கும் தலையாட்டுவாள்.

ஆடியில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. ஆனால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. ஓடும்போது இடது கால் தரையில் படுகிற அடிகளை மட்டும் மனசுக்குள் எண்ணிக்கொண்டு வருவோம். அதுவரை ஒன்றிலிருந்து ஏறி எண்ணினோம். மாஸ்டர் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்து, இனிமேல் ஆறிலிருந்து இறங்கி எண்ணுங்கள் என்றார். ஓட்டத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் கிளம்புகிற அடி எப்போதும் ஒன்றுதான், குழப்பமே வராது என்றார். நியாயமான பேச்சு. எனக்கு அதனாலேயே உயரம் கூடியது. பிறகு எப்படிச் சந்தேகம் வரும்?

புரட்டாசியில் ஒருநாள் கம்பு அவளை நன்றாகவே திருப்பி அடித்தது. மெத்தையில் விழாமல் ஓடுபாதையில் வந்து இடுப்பு மோத விழுந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தால் அழவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"ரேணு, எனுக்கு பயமா கீதுடி."

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. மாநில அணிக்கான தேர்வு ஆயுத பூஜை முடிந்த வாரம் இருந்தது. மூன்று மீட்டர் நாற்பது தாண்டினால் இடம். இந்தத் தடவையும் வரவில்லை என்றால் கம்பை வைத்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தாள். ஸ்டெஃபி சத்தியம் செய்தால் செய்ததுதான். அந்த ஓட்டத்தை இனிப் பார்க்கவே முடியாமல் போகுமா என்று நினைத்தபோது, பொறாமையாவது மண்ணாவது, எனக்கு அழுகை வந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பட்டாபிராம் போனேன். எங்கள் வீடு பாரிவாக்கத்தில். என் அண்ணன் விஜய் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஸ்டாண்டு பூஜைக்குப் பொரி வாங்கிவரச் சொன்னான். பக்கத்திலேயே கடை இருந்தாலும் நான் ஸ்டெஃபியின் அம்மா ஆரோக்கியம்மாள் கடைக்குத்தான் போவேன். ரயில் நிலையத்துக்கு வெளியே பொரிகடலைக் கடை. அன்றைக்குக் கடைக்குள் நிற்க இடமில்லை, அத்தனை சாக்கு. வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து, ஊரிலுள்ள லேத்துப் பட்டறை, ஆட்டோ ஸ்டாண்டு, பஞ்சர் கடை எல்லாவற்றுக்கும் பொரி கட்டிக்கொண்டிருந்தார் அவர்.

"வா ரேணு. ஸ்டாண்டுக்கா? ஸ்டெஃபி, இவளுக்கு நல்லா அளந்து போடு. சாமி யாருதா இருந்தா இன்னா, பொரி நம்மளுது."

ஸ்டெஃபி படியை எடுத்தாள். பொரிக்குள் விட்டு, மெதுவாக அள்ளி, கோபுரம் மாதிரிக் குவித்து, சிந்தாமல் கொண்டுவந்து என் பையில் கவிழ்த்தாள்.

"லாஆஆபம்."

அப்புறம் கை வேகம் எடுத்தது. "ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு." எல்லாம் படியின் வாயோடு தட்டி வழித்த அளவு, டக் டக்கென்று.

எனக்கு என்னவோ உறுத்தியது. முதல் படிக்கு அவள் வாய் ஆவென்று திறந்ததே, அந்த வாயை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கேயோ என்ன, தினமும் செருப்பு வைக்கிற இடத்தில் பார்க்கிறேன்! நான் வாய்க்குள்ளேயே 'ஒண்ணு' என்று சொல்லிப் பார்த்தேன். உதடு குவிந்தது. ஒண்ணு என்று சொல்கிறவள் வாய் எப்படித் திறக்கும்?

"ஏய், நிறுத்து. மொதல்ல இன்னா சொன்ன?"

"எப்போ?"

"மொத படி போட்டியே, அதுக்கு இன்னா சொன்ன?"

"லாபம்னேன். வேற இன்னா சொல்லுவாங்க?"

"ஓடி வரும்போது ஆறுலேர்ந்து எண்றியே, அத்த இப்ப வாய்விட்டு எண்ணு."

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். படியைக் கையில் வைத்துக்கொண்டே எண்ணினாள். "ஆறு, அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, லாஆஆ..."

படி கை நழுவி விழுந்தது. பொரி கடை முழுக்கச் சிதறியது.

"ஐயோ மாதாவே!" என்றாள் ஸ்டெஃபி. "நான் அதாடி சொல்லிகினு கீறேன்?"

ஆரோக்கியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "லாபம்னு சொன்னா இன்னா தப்பு? கடைல ஒண்ணுன்னு வாய்ல வரக் கூடாது. வந்தா யாவாரம் ஒண்ணோட நின்னுடும். இவ சின்ன வயசுல ஒருக்கா ஒண்ணுன்னு எண்ணிட்டா, வாய் மேலயே ஒண்ணு வெச்சேன். அப்புறம் சொன்னதே கெடையாது."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லாபம் என்பது அவளுக்குச் சும்மா எண் இல்லை. அந்தச் சொல்லுக்கு நிதானம் வேண்டும், குவித்து அள்ள வேண்டும், தாராளமாகப் போட வேண்டும். ஏறி எண்ணியபோது அது ஓட்டத்தின் முதல் அடியில் இருந்தது. அங்கே சோம்பேறியாக நீண்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. மாஸ்டர் எண்ணிக்கையைத் திருப்பினார், லாபம் கடைசிக்கு வந்துவிட்டது. குட்டையாக, டக்கென்று வைக்க வேண்டிய அடியில் இவள் கோபுரம் குவித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாஸ்டரிடம் சொன்னபோது அவர் ஓடுபாதையிலேயே உட்கார்ந்து சிரித்தார். "நானும் மாசக்கணக்கா கால பாத்துகினு கீறேன், வாய பாக்கலியே! தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க. ரேணுகா, சூப்பர் போ!" என்றார். எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, அதை மறைக்கவும் ஸ்டெஃபியைத்தான் திட்டினேன்.

ஆனால் நோய் தெரிந்தவுடன் குணமாகிவிடுமா என்ன? "லாபத்துக்கு பதிலா ஒண்ணுன்னு சொல்லு" என்றார் மாஸ்டர். சொன்னாள். ரெண்டு வரை புயல். அப்புறம் ஒரு கணம் மூளை நின்று தேடியது. அந்த ஒரு கணத்தில் கால் தடுமாறி, கம்பை ஊன்றாமலேயே ஓடிப்போய் மெத்தையில் முட்டினாள். அம்மா வாயில் வைத்த அடி அப்படி. சரி, பழையபடி ஏறியே எண்ணு என்றார். இவ்வளவு மாதம் இறங்கி எண்ணின பழக்கத்தில் நாலுக்குப் பிறகு மூணு வந்தது. ஆங்கிலத்தில் எண்ணிப் பார் என்றேன் நான். பாதி ஓட்டத்திலேயே வாய் தமிழுக்குத் திரும்பி, தமிழில் லாபத்துக்குப் போய்விட்டது.

தேர்வு நாள் வந்தது. விடியற்காலை வண்டியில், வியாபாரிகள் பெட்டியில் கீரைக்கட்டுகளுக்கு மேலே கம்புகளை நீட்டிப் போட்டுக்கொண்டு சென்ட்ரல் போய், அங்கிருந்து போட்டி நடக்கும் மைதானத்துக்குப் போனோம். வழியெல்லாம் ஸ்டெஃபியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு என்று ஜெபமாலை உருட்டுவது போலச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நான் மூன்று மீட்டர் பத்தில் வெளியே வந்துவிட்டேன். வருத்தமில்லை என்று சொல்லமாட்டேன், இருந்தது. ஓடுபாதைக்குப் பக்கத்தில் போட்டியாளர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஸ்டெஃபி சிறிய உயரங்களில் கை பலத்தாலேயே சமாளித்துக்கொண்டு வந்தாள். உள்ளே போய் மிதித்துவிட்டும் இழுத்துப் பிடித்து ஏறுகிறாளே, அந்தத் தெம்பு யாருக்கு வரும்? ஆனால் மூன்று நாற்பது அந்த மாதிரிச் சமாளிப்புக்கு மசிகிற உயரம் இல்லை.

முதல் முயற்சியில் ஒண்ணு என்று சொல்லப் போய்த் தடுமாறி, ஊன்றாமலேயே ஓடி மெத்தையில் முட்டினாள். சிவப்புக் கொடி ஏறியது.

இரண்டாவது முயற்சியில் வாய் ஆவென்று திறந்தது. செருப்பு வைக்காமலேயே எனக்குத் தெரிந்தது, அதே ஒரு சாண். கம்பு அவளைப் பாதி உயரத்தில் நிறுத்தி, யோசித்து, திருப்பி அனுப்பியது. மறுபடியும் சிவப்பு.

இன்னும் ஒரே ஒரு முயற்சி. அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. எதிர்ப்பக்கம் வேலிக்கு வெளியே மாஸ்டர் இரண்டு விரலைக் குறுக்கிக் காட்டினார்: குட்டையா, டக்குனு.

"வராதுடி ரேணு. அந்த வார்த்த என்னிய வுட மாட்டேங்குது. ஊட்டுக்குப் போலாம்."

ஊட்டுக்குப் போலாமா? எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ.

"போடி கழுத! இத்தினி வருஷம் வெயில்ல காயறது ஊட்டுக்குப் போறதுக்கா? எனுக்கு உன் காலு இருந்தா நான் இந்நேரம் எங்கயோ இருப்பேன்டி! கீழயே குந்திகினு லாபம் லாபம்னு அளந்துகினு கீறியே, கீழ இன்னாடி லாபம் கீது? மண்ணு! லாபம் மேல கீது! மேல போயி சொல்லித் தொலையேன்!"

கத்தி முடித்து மூச்சு வாங்கினேன். நடுவர் ஒருவர் திரும்பி முறைத்தார். ஸ்டெஃபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்த முகத்தில் மெல்ல இரத்தம் ஏறியது.

"இன்னா சொன்ன?"

"இன்னா சொன்னேன்? திட்டினேன்."

"மேல போயி சொல்லணுமா?" அவள் எழுந்துவிட்டாள். "ரெண்டு வரிக்கும் கீழ. லாபம் மேல."

அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. சத்தியமாக, நான் திட்ட மட்டும்தான் செய்தேன்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கம்பை எடுத்துக்கொண்டு தன் குறிக்குப் போய் நின்றாள். சிலுவை போட்டுக்கொண்டாள். கிளம்பினாள். அந்தச் சோம்பேறி அடிகள், அப்புறம் உயரும் முட்டி, அசையாத தோள். நுனி இறங்கிக்கொண்டே வந்தது. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் உதட்டைப் பார்த்தேன். நாலு. மூணு. ரெண்டு. வாய் மூடிக்கொண்டது. கை தலைக்கு மேல் ஏறியது. இடது கால் ஒரு சொல்லும் சுமக்காமல் குட்டையாக வந்து, டக்கென்று, கைக்கு நேர் கீழே விழுந்தது. தூக்குக்குண்டு வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. என் இரண்டு செருப்பும் அங்கே இருந்திருந்தால் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

கம்பு வளைந்தது. இவ்வளவு வளையும் என்று நானே பார்த்ததில்லை. அது நிமிரும்போது அவளையும் சேர்த்துக்கொண்டு மேலே போனது. கால்கள் முதலில், பிறகு இடுப்பு, பிறகு முழு ஆளும் குறுக்குக்கம்புக்கு மேலே. அங்கிருந்து, அந்த உச்சியிலிருந்து, மைதானமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல் வந்தது.

"லாஆஆஆஆபம்!"

குறுக்குக்கம்பு அசையவே இல்லை. வெள்ளைக் கொடி ஏறியது. வேலிக்கு வெளியே மாஸ்டர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்திலிருந்த வேறு ஊர்ப் பெண் என்னிடம், "அந்த அக்கா என்ன கத்தினாங்க?" என்று கேட்டாள். நான் கொட்டுகிற கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து நின்றேன்.

ஸ்டெஃபி மெத்தையிலிருந்து இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அதற்குள் நடுவர் வந்துவிட்டார். மற்றவர்கள் எல்லாரும் வெளியேறியாகிவிட்டது, இவள் மட்டும்தான் மிச்சம்.

"எடம் கெடச்சாச்சு இல்லம்மா? இதோட நிறுத்திக்கிறியா?" என்று கேட்டார்.

ஸ்டெஃபி மேலே பார்த்தாள். அவள் சற்று முன்பு இருந்துவிட்டு வந்த இடம் அங்கேதான் இருந்தது.

"இன்னா சார் நீங்க" என்றாள். "லாபம் மட்டும் போட்டுட்டு யாருனா படிய கீழ வெப்பாங்களா? ஏத்துங்க சார். இனிமேதான் ரெண்டு."

நான் மூக்கைச் சிந்திவிட்டு, "மொதல்ல ஷூ லேஸ கட்டுடி, கழுத!" என்று கத்தினேன்.